பெற்றார் தாமே பேச வேண்டும்

அந்நிய தேசத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலே, குழந்தைகள் அத்தேசத்துப் பாஷையைப் பள்ளிக்கூட முற்றத்தில் விளையாட்டோடு விளையாட்டாகக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். தாய் தந்தையரோ, பிள்ளைகளின் வயிற்றையும் வீட்டு வாடகையையும் நினைந்து இரவு பகலாக உழைப்பதனால், அந்தப் பாஷையின் வாசலிலேயே பல வருஷங்கள் நின்றுவிடுகிறார்கள். இதனால் விளைகிற நஷ்டம் பணத்தால் அளக்கத்தக்கதன்று. வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பவன் பத்து வயதுப் பையன். வங்கியிலே கையெழுத்து இடவேண்டிய இடத்தைக் காட்டுபவள் பன்னிரண்டு வயதுப் பெண். வைத்தியர் சொல்வதைத் தாய்க்கும், தாய் சொல்வதை வைத்தியருக்கும் எடுத்துச் சொல்பவரும் அக்குழந்தைகளே. குடும்பத்தின் காரியங்கள் யாவும் இவ்வாறு குழந்தையின் வாய்வழியாகவே நடக்கத் தொடங்கிய பிறகு, பெற்றாருக்குரிய ஸ்தானம் அவர்கள் அறியாமலே தேய்ந்து போகிறது. குழந்தையும் தன் வயதுக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமக்கிறது. கனடாவில், ரொறொன்ரோ நகரத்தின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில், பெற்றார்களுக்கென்று கூடும் ஆங்கிலச் சம்பாஷணைக் குழுக்களை நெடுங்காலம் நடத்தி வந்தவள் என்ற முறையில் எனக்கு உறுதியாக விளங்கிய விஷயம் ஒன்று உண்டு. இத்தகைய குழுவின் பிரயோஜனத்தை இலக்கண அறிவைக் கொண்டோ பரீட்சைப் புள்ளியைக் கொண்டோ மதிப்பிடலாகாது. தம் பிள்ளையைப் பற்றிய காரியத்தைப் பிள்ளையின் உதவியின்றித் தாமே பேசி முடிக்கப் பெற்றாருக்கு வந்துவிட்டதா என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

கனடாவின் மத்திய அரசாங்கம் 1992 ஆம் ஆண்டு முதல், புதிதாக வந்து குடியேறுவோருக்கு இலவசமாக ஆங்கிலம் கற்பித்து வருகிறது. 'லிங்க்' என்று பெயர்பெற்ற இவ்வகுப்பை ஸ்காபரோவில் அறியாதார் இல்லை. தேர்ச்சியை அளப்பதற்குப் பன்னிரண்டு படிகள் கொண்ட ஓர் அளவுகோல் தேசம் முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்டிருக்கிறது. பிரஜாவுரிமை கோருவோரில் 18 முதல் 54 வயது வரையுள்ளவர்கள் பேசுவதிலும் கேட்டு விளங்குவதிலும் அதன் நான்காம் படியை எட்டியிருக்க வேண்டும் என்பது விதி. கைக்குழந்தையோடு வருகிற தாய்மாருக்காகப் பல இடங்களில் பிள்ளை பராமரிக்கும் வசதியும் செய்திருக்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆயினும் அது நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்குமே உரியது. பிரஜையாகிவிட்டவருக்கு அங்கே இடமில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் காத்திருப்பவருக்கும் இல்லை. இலங்கையில் நடந்த 1983 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின்னர் அலை அலையாக வந்த நம்மவரிலே, தொழிற்சாலையில் இரவு வேலை, அதன்பின் வீட்டு வேலை, பின்னர் ஊரிலுள்ளோருக்குப் பணம் அனுப்புவதற்காக இன்னொரு வேலை என்று காலம் கழித்த தாய்மார் அநேகர். அந்தத் தொழிற்சாலையிலும் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் தமிழரே ஆகையால், இருபது வருஷம் இந்நாட்டில் வாழ்ந்தும் ஆங்கிலம் பேசுகிற அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. வேலை ஓய்ந்து, வகுப்புக்குப் போக நேரம் கிடைத்தபோது அவர்கள் பிரஜைகளாகிவிட்டிருந்தார்கள். மாகாணத்தின் உதவியோடு பள்ளிச் சபைகள் நடத்தும் முதியோர் வகுப்புகள் அவர்களுக்குத் திறந்திருப்பது உண்மைதான். ஆனால் வாரத்தில் பல நாட்கள், குறித்த மணிக்குத் தவறாமல் வருவது பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் முறை மாறும் வேலைக்காரருக்கும் சாத்தியமாவதில்லை.

இத்தகையோருக்கு மிஞ்சியிருப்பது சம்பாஷணைக் குழு. ரொறொன்ரோ பொது நூலகத்துக்கு நகரெங்கும் நூறு கிளைகள் உள்ளன. அவற்றில் பலவற்றிலும், சில பாடசாலைகளிலும், சமூக நிலையங்களிலும் இக்குழுக்கள் கூடுகின்றன. கட்டணம் கிடையாது, எந்த நிலையில் இந்நாட்டுக்கு வந்தீர் என்று கேட்பதும் கிடையாது. பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டு நேரே வந்துவிடக்கூடிய காலை வேளையே பெற்றார் குழுவுக்கு உகந்தது என்பது என் அனுபவம். பனிக்காலத்தில் ஈரச் சப்பாத்துகளையும் கனத்த மேலங்கிகளையும் வாசலிலே களைந்துவிட்டு, தள்ளுவண்டிக் குழந்தைகளை அருகே நிறுத்திக்கொண்டு, வட்டமாக இடப்பட்ட நாற்காலிகளில் அவர்கள் வந்து அமர்வார்கள்: வவுனியாவிலிருந்து வந்த இளந்தாய், சிலெட்டிலிருந்து வந்த வங்காள மாது, ஆப்கானிஸ்தானத்தில் பொறியியலாளராக இருந்து இங்கே பொதி சுமக்கும் தகப்பனார், பேத்தியை அழைத்து வருகிற சீனத்துப் பாட்டியார். தகப்பன்மார் தொகையில் எப்போதும் குறைவு. அதற்குக் காரணம் அசிரத்தையன்று, வேலை நேரமே.

தமிழர் மட்டுமே கூடிய குழுவையும் நான் நடத்தியிருக்கிறேன், பல தேசத்தார் கலந்த குழுவையும் நடத்தியிருக்கிறேன். முதற் சில வாரங்களுக்குத் தமிழ்க் குழு ஆறுதலைத் தரும். சந்தேகத்தைத் தமிழிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் அது வளராது. ஒருவர் வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்கிப் பாதியில் தமிழுக்குத் தாவுவார். மற்றவருக்கும் அது விளங்கிவிடும். முயற்சி அங்கேயே நின்றுவிடும். பக்கத்து நாற்காலியில் இருக்கிற சீனத்துப் பாட்டியாருக்கு எதையாவது உணர்த்த வேண்டுமானால் ஆங்கிலத்தைத் தவிர வேறு கதி இல்லை. அவரும் நம்மைப் போலவே தடுமாறுகிறவர் என்பதனால் கூச்சமும் இல்லை. ஆகையால் கலந்த குழுவே சிறந்தது என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

புதிதாக வருகிறவர் முதலில் பேசமாட்டார். அந்த மௌனத்தை அறியாமை என்று எண்ணிவிடலாகாது. இலங்கையில் பாடசாலைக்குச் சென்ற எவரும் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்தே இருப்பார். காலங்களையும் வினைகளையும் தாளில் பிழையற எழுதிக் காட்டக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர், தம் மகனுக்குக் காய்ச்சல் என்று பாடசாலைக் காரியாலயத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க அஞ்சி, காய்ச்சலோடேயே பிள்ளையை அனுப்பியதை நான் அறிவேன். அவருக்கு இல்லாதது சொல்லறிவன்று. பேசுகிறபோது எதிரே இருப்பவர் தம்மை எவ்வாறு எடைபோடுவாரோ என்ற பயமே அவரைத் தடுத்தது. ஊரிலே மரியாதையோடு வாழ்ந்த ஒரு மனிதருக்கு, குழந்தை மொழியில் பேசித் தம்மைச் சிறியவராகக் காட்டிக்கொள்வது எவ்வளவு வேதனை என்பதை ஆசிரியர் உணர வேண்டும். வேலையிலும் சமையலிலும் பிள்ளை வளர்ப்பிலும் தேர்ந்த அனுபவசாலிகளான அவர்களை, வண்ணப் படங்களைக் காட்டி 'இது பழம், இது பூனை' என்று சொல்லவைக்கும் பாடங்களால் அவமதிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆகவே, எங்கள் குழுவில் முதலாவதாகப் பழகுவது பெயர் சொல்வதோ நலம் விசாரிப்பதோ அன்று. 'தயவுசெய்து இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள்' என்ற ஒரு வாக்கியம். 'குட் யூ சே தற் அகெய்ன், சிலோலி, பிளீஸ்?' என்று ஒவ்வொருவரும் அடுத்தவரை நோக்கிச் சொல்வார். அடுத்தவர் வேண்டுமென்றே வேகமாக ஒன்றைச் சொல்வார். இவர் மறுபடியும் தடுத்து நிறுத்துவார். தலையை ஆட்டிக்கொண்டு 'யெஸ், யெஸ்' என்று சொல்வது நம்மவரிடையே வேரூன்றிய பழக்கம். பெரியவர் பேசும்போது குறுக்கிடாதிருத்தல் நமக்கு விநயம். விளங்கவில்லை என்று சொல்வது அவரை அவமதிப்பதாகத் தோன்றும். இங்குள்ள ஆசிரியரோ அந்தத் தலையசைப்பைச் சம்மதமென்றே கொள்வார். விளங்காத ஒன்றுக்குத் தலையசைத்துவிட்டு வீடு திரும்பி, எதற்குச் சம்மதித்தோம் என்று கலங்கிய தாய்மார் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். எதிரே இருப்பவரை நிறுத்திக் கேட்பதற்குத் தமக்கு உரிமை உண்டென்பதை ஒருவர் உணர்ந்த நாள் முதல் அவர் பேச்சு துரிதமாக முன்னேறுவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

தொலைபேசியே எல்லாவற்றிலும் கடினம். எதிரே முகமில்லை, கையசைவில்லை, உதட்டைப் பார்த்து ஊகிக்க வழியில்லை. இதற்காக இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போட்டு இருவரை அமர்த்துவோம். ஒருவர் பாடசாலைக் காரியாலயம், மற்றவர் பெற்றார். பிள்ளை அன்று வரமாட்டான் என்று அறிவிப்பதற்கு நான்கு விஷயங்கள் போதும்: அழைப்பவர் யார், பிள்ளையின் பெயர் என்ன, எந்த ஆசிரியரின் வகுப்பு, ஏன் வரவில்லை. அநேகமாக இதைக் கேட்பது ஓர் இயந்திரமே. மணியோசை வந்த பிறகு பேச வேண்டும். அந்த ஓசையைக் கேட்டதும் நா வறண்டு வைத்துவிடுகிறவர்களுக்காக, நான் வாயாலேயே அவ்வோசையை எழுப்பி, அதன்பின் அவர்களைப் பேசச் செய்வேன். வராத பிள்ளையைப் பற்றி அறிவிப்பில்லையானால் பாடசாலையார் தாமே வீட்டுக்கு அழைத்து விசாரிப்பது ஒன்ராறியோ மாகாணத்து ஆரம்பப் பாடசாலைகளின் கடமை. பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று உறுதிசெய்துகொள்வதே அதன் நோக்கம். இந்த நோக்கத்தை அறியாத பெற்றார், குற்றம் சாட்டத்தான் அழைக்கிறார்கள் என்று அஞ்சித் தொலைபேசியை எடுக்காமலே இருந்துவிடுவார்கள். காரணத்தை விளக்கிய பின் அப்பயம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

தொலைபேசியில் நம்மவருக்கு மாத்திரம் உரிய ஒரு சங்கடம் பெயர். தகப்பனாரின் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதப்படுவதனால், தாயின் பத்திரங்களில் ஒரு பெயர், பிள்ளையின் பத்திரங்களில் வேறொரு பெயர். 'உங்கள் பெயர் வேறாக இருக்கிறதே, நீங்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன உறவு?' என்று கேட்கிறபோது, சந்தேகிக்கிறார்களோ என்று தாயின் மனம் நொந்துவிடும். 'எங்கள் வழக்கத்தில் பிள்ளை தகப்பனாரின் பெயரைக் கொள்ளும். நான் இவனுடைய தாய்' என்று சிறிய இரண்டு வாக்கியங்களை அமைதியாகச் சொல்லப் பழகிவிட்டால் காரியம் அதோடு முடிந்துவிடும். நீண்ட பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்வதும் ஒரு வித்தை. 'எஸ்' என்றால் மறுமுனைக்கு 'எஃப்' என்று கேட்கும். ஆகையால் ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லோரும் அறிந்த ஒரு சொல்லைத் துணையாகச் சொல்ல வேண்டும். தம் பெயருக்குரிய சொற்களை ஒவ்வொருவரும் தாமே தெரிந்தெடுத்து அட்டையில் எழுதித் தொலைபேசியின் அருகே வைத்துக்கொள்வார்கள். சில மாதத்தில் அட்டை தேவைப்படாது.

விலாசம் சொல்வதையும் இத்துடன் சேர்த்துப் பழக்குவேன். பல வருஷம் ஒரே விலாசத்தை எழுதி வந்தவரும், 'எங்கே இருக்கிறீர்கள்?' என்ற கேள்வி அவசரத்தில் வந்தால் திகைத்து நிற்பார். இந்நகரத்தில் இடத்தைச் சொல்கிறவர்கள் அருகிலுள்ள இரண்டு பெருந்தெருக்களின் பெயரைச் சொல்வது வழக்கம். மார்க்கம் வீதியும் எக்லின்ரன் வீதியும் சந்திக்குமிடம் என்பதுபோல. தொடர்மாடியானால் வீட்டிலக்கத்தோடு வாசற்கதவின் குறியெண்ணும் வேண்டும். 911 ஐ அழைக்கிறவர் தம் பாஷையின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள் என்பதையும், 811 என்ற இலக்கத்தில் இரவு பகல் எந்நேரமும் ஒரு தாதியிடம் யோசனை கேட்கலாம் என்பதையும் அறியாதவர் இன்னும் இருக்கிறார்கள். குழுவில் இதை வருஷந்தோறும் மறுபடி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடசாலையில் ஆசிரியரைக் கண்டு பேசும் நாள் இலையுதிர் காலத்தில், முதலாவது அறிக்கை வந்ததும் வரும். பெற்றார் ஒருவருக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிஷம். அதற்கு முந்திய வாரங்கள் முழுவதும் எங்கள் குழுவில் வேறு பேச்சு இராது. முதலில் அறிக்கையையே படித்து விளங்கிக்கொள்வோம். ஆரம்ப வகுப்புகளின் முதல் அறிக்கையில் புள்ளிகள் இரா. பிள்ளை கஷ்டத்தோடு முன்னேறுகிறதா, நன்றாக முன்னேறுகிறதா, மிக நன்றாக முன்னேறுகிறதா என்று மாத்திரமே குறித்திருப்பார்கள். பெப்ரவரியிலும் ஜூனிலும் வரும் அறிக்கைகளில்தான், ஆறாம் வகுப்பு வரையில் எழுத்துகளும் ஏழு, எட்டாம் வகுப்புகளில் சதவீதமும் வரும். அதில் 'பி' என்ற எழுத்தைக் கண்டதும் பிள்ளையைத் திட்டுகிறவர்கள் நம்மவர். மாகாணம் எதிர்பார்க்கும் தரமே அந்த 'பி' தான்; அது 70 முதல் 79 சதவீதத்துக்குச் சமம்; அதைப் பெற்ற பிள்ளை அடுத்த வகுப்புக்குத் தகுந்த ஆயத்தத்தோடு இருக்கிறதென்று பொருள். இதை அறியாமையால் எத்தனை வீடுகளில் எத்தனை குழந்தைகள் வீணாக அழுதிருக்கின்றன என்பதை நினைக்க எனக்கு மிகுந்த துக்கம் உண்டாகிறது.

அந்த எழுத்துகளுக்கு முன்பாகவே, அறிக்கையின் முதற் பக்கத்தில், பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செய்தல், கூடிச் செய்தல், முன்முயற்சி, தன்னடக்கம் என்ற ஆறு பண்புகள் குறிக்கப்பட்டிருக்கும். பெற்றார் பெரும்பாலும் அப்பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கணக்குப் புள்ளிக்குத் தாவிவிடுவார்கள். ஆசிரியரோ பேசத் தொடங்குவது அப்பக்கத்திலிருந்தே. ஆகவே ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளோடு போக வேண்டுமென்று வைத்துக்கொண்டோம்: என் பிள்ளை வகுப்பில் யாரோடு சேர்ந்திருக்கிறான், எதில் அவனுக்கு உதவி தேவை, வீட்டில் நான் என்ன செய்யலாம். குழுவில் ஒருவர் ஆசிரியராக நடிப்பார். ஆசிரியராக நடிக்கிறவருக்கு ஏற்படும் நன்மை பெற்றாராக நடிக்கிறவருக்கு ஏற்படுவதிலும் பெரிது. ஏனெனில், எதிரே ஒன்றும் கேளாமல் அமர்ந்திருக்கும் பெற்றாரைப் பார்க்கும்போது ஆசிரியருக்கு என்ன தோன்றும் என்பதை அவர் அப்போதுதான் உணர்கிறார். 'நான் பேசாமல் இருந்தால் எனக்கு அக்கறையில்லை எண்டு நினைப்பினம் போல, ரீச்சர்' என்று வவுனியாத் தாய் ஒருநாள் சொன்னது, நான் பல பாடங்களில் விளக்க முயன்ற விஷயமே.

விசேஷ உதவி தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றாருக்குப் பேச்சுப் பயிற்சி இன்னும் அவசியம். பிள்ளைக்கென்று தனியே வகுக்கும் கல்வித் திட்டம், மனோதத்துவப் பரிசோதனைக்கான சம்மதப் பத்திரம் ஆகியவற்றின் சொற்கள் பயங்கரமாக ஒலிக்கும். தம் பிள்ளையைப் பைத்தியம் என்கிறார்களோ என்று ஒரு தகப்பனார் மூன்று நாள் உறங்காமல் இருந்ததாகச் சொன்னார். கையெழுத்திடுமுன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க அவகாசம் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பாடசாலையிடம் முன்கூட்டியே கேட்கலாம். இந்த இரண்டு கோரிக்கைகளையும் கண்ணியமாகச் சொல்லும் வாக்கியங்களை நாங்கள் பாடமாகவே பழகினோம்.

ஒவ்வாமையும் அவ்விதமே. ஒவ்வாமையால் உயிராபத்து நேரக்கூடிய பிள்ளைகளைக் காப்பதற்கு ஒவ்வொரு பள்ளிச் சபையும் ஒழுங்கு வகுக்க வேண்டுமென்று ஒன்ராறியோவில் 2005 இல் 'சப்ரீனா சட்டம்' நிறைவேறியது. ஆனால் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதைப் பாடசாலைக்குச் சொல்ல வேண்டியவர் பெற்றார் அல்லவா? மகளுக்குக் கஜு ஆகாது என்பதை அதிபரிடம் தாமே விளக்கி, ஊசிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்த ஒரு தாய், அன்று குழுவில் சற்று நிமிர்ந்தே அமர்ந்திருந்தார்.

இனி, வைத்தியரிடம் பேசுதல். குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வதன் தீமையை நான் முழுமையாக உணர்ந்தது இதிலேதான். ஒரு மாது, வயிற்றுவலி என்று பல மாதங்களாக வைத்தியரிடம் போய் வந்தார். கூடப் போனவன் பதின்மூன்று வயது மகன். வலிக்கு மருந்து கிடைத்தது, நோய் தீரவில்லை. உடல் உபாதைகளைப் பற்றிய சொற்களை நாங்கள் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில், எல்லோரும் போன பிறகு அவர் பின்தங்கி நின்று, 'பொடியனை வச்சுக்கொண்டு நான் அதை எப்படிச் சொல்லுறது, ரீச்சர்?' என்று கேட்டார். அவருக்கு இருந்தது ஓயாத உதிரப்போக்கு. அதைச் சொல்ல வேண்டியவர் தாய். ஆனால் சொல்ல வேண்டிய நாவு மகனுடையது. ஆகையால் சொல்லப்படாமலே போயிற்று. வைத்தியர்மேல் பழியில்லை, தமக்குச் சொல்லப்பட்டதற்கு அவர் மருந்து கொடுத்தார். நாங்கள் இருவரும் அமர்ந்து, எவ்வளவு காலமாக, எத்தனை நாள், எவ்வளவு அதிகமாக என்பவற்றைக் குறுகிய வாக்கியங்களில் எழுதினோம். பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்கும் வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டோம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தனியே போனார். சிகிச்சை கிடைத்தது, குணமானார். பிழையுள்ள ஆங்கிலந்தான், ஆனால் அதைக் கேட்ட வைத்தியருக்கு விளங்க வேண்டியது முழுவதும் விளங்கிற்று.

பிழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேசுகிறவரை நடுவாக்கியத்திலே நிறுத்தித் திருத்துவது, கோலம் போடுகிறவளின் கையைப் பாதியில் தட்டிவிடுவதற்குச் சமானம். புள்ளியும் கலையும், மனமும் கலையும். பேச்சு முடிந்த பின், அதே கருத்தைச் சரியான வடிவில் நான் திரும்பச் சொல்வேன். கேட்கிற காது தானே பிடித்துக்கொள்ளும். 'ஷீ' என்பதற்குப் பதில் 'ஹீ' என்று சொன்னால் குடி முழுகிப்போகாது; மருந்தின் அளவிலும், நாளிலும், நேரத்திலும் பிழை வந்தால் ஆபத்து. ஆகவே எண்களையும் நாட்களையும் மாத்திரம் கண்டிப்பாகத் திருத்துவேன். அங்கே தயவு காட்டுவது தர்மமன்று.

பாடசாலை வாசலிலே பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றாரோடு இரண்டு வார்த்தை பேசுவதையும் நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. குளிரைப் பற்றியும், நாளைக்குப் பனி பெய்யுமா என்பதைப் பற்றியும் பேசுவது வெறும் பொழுதுபோக்கன்று. மற்றப் பிள்ளையின் பிறந்தநாள் அழைப்பும், நீச்சல் வகுப்புக்குப் பதியும் தேதியும், எந்த வைத்தியர் புதியவர்களை ஏற்கிறார் என்ற செய்தியும் அந்த வாசலில்தான் பரவுகின்றன. அங்கே ஒதுங்கி நிற்கும் தாயின் குழந்தையும் அநேகமாக ஒதுங்கியே நிற்கிறது.

தாய்மொழியைப் பற்றி எழுதாமல் விட்டால் என் கடமை பூர்த்தியாகாது. வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று பெற்றாருக்கு ஆலோசனை சொல்லும் நல்லெண்ணமுடைய ஆசிரியர்கள் முன்பு இருந்தார்கள். இன்றும் சிலர் இருக்கலாம். அது தவறான ஆலோசனை என்று திட்டமாகச் சொல்வேன். ரொறொன்ரோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக விளங்கிய ஜிம் கமின்ஸ், அன்றாடப் பேச்சுத் திறன் வேறு, படிப்புக்குரிய மொழித்திறன் வேறு என்று 1979 இல் பிரித்துக் காட்டினார். குடியேறிய குழந்தைக்குப் பேச்சு ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பாடநூலைப் படித்துச் சிந்திக்கும் மொழியோ ஐந்து வருஷமும் அதற்கு மேலும் எடுக்கும். தாய்மொழியில் ஊன்றிய அறிவு இரண்டாம் மொழிக்குத் துணையாகும் என்பதும் அவர் வற்புறுத்திய கருத்து. நல்ல தமிழில் கதையும் காரணமும் சொல்லக்கூடிய தாய், அதை விட்டுவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் 'கம், ஈற், சிலீப்' என்று மட்டும் பிள்ளையோடு பேசத் தொடங்கினால், பிள்ளைக்கு ஆங்கிலமும் வளராது, தாயின் அறிவும் போய்ச் சேராது. ஒன்ராறியோவில் 1977 முதல் பாடசாலைகளின் ஆதரவில் மரபுமொழி வகுப்புகள் நடந்து வருகின்றன. தமிழ் வகுப்புகளும் அவற்றில் உண்டு. ஆங்கிலம் பழக எங்களிடம் வரும் பெற்றாரிடம், பிள்ளையை அவ்வகுப்பில் சேர்த்துவிட்டீர்களா என்று கேட்பதை நான் வழக்கமாக வைத்திருந்தேன். வெளியே ஆங்கிலத்தில் தம் காரியத்தைத் தாமே பேசுகிற தாய், வீட்டிலே தமிழில் அதிகாரத்தோடு பேச முடியும். இவை ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

2020 ஆம் ஆண்டு தொற்றுநோய்க் காலத்தில் நூலகங்கள் மூடப்பட்டபோது, குழு கணினித் திரைக்குப் போயிற்று. சிலர் அதில் நன்கு பழகினார்கள், பலர் விலகிப்போனார்கள். முகத்தோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு அது ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

இதை வாசிப்பவர்களில், பத்து வயதிலே தாய் தந்தையருக்காக வைத்தியசாலையிலும் வங்கியிலும் பேசி வளர்ந்து, இன்று உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'அம்மாவுக்கு ஏன் சிரமம், நானே பேசிவிடுகிறேன்' என்று அன்பினால் நீங்கள் எடுத்துக்கொண்ட அந்த வேலையை இப்போது அவரிடமே திருப்பிக் கொடுங்கள். உங்கள் பகுதி நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஆங்கிலச் சம்பாஷணைக் குழு எந்த நாளில், எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல்நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் வாசலில் விடுங்கள். நீங்கள் உள்ளே வர வேண்டாம்.